பல்வலி இல்லாதவர்கள் உட்காரும் இடம்

என் இருதயத்துக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு சபையே முழங்கால் போட்டு ஜெபித்தது. இருதயத்துக்கு ஒன்றுமே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் வீணாகப் பதற வேண்டாம். எங்கள் வீட்டில் பதறுவதற்கென்றே ஒருத்தி இருந்தாள், அது நான்.

என் பெயர் ஜெனிட்டா. சீனாவில் மருத்துவம் படிக்கிறேன். பாடமெல்லாம் முடிந்துவிட்டது, பயிற்சி மருத்துவராக வார்டில் நிற்க வேண்டிய கடைசி வருஷம்தான் பாக்கி. அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். அம்மா அதே பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஒரே பிள்ளை. இப்போது நன்றாக இருக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன், இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். எனக்கு வந்தது இன்னது என்று தெரியாமலேயே நெடுநாள் சுற்றியிருக்கிறேன். வேறு யாராவது இதை முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் சபைக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. பண்டிகை முடிவில் சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம், அதற்கு அசனம் என்று பெயர். பெரிய அண்டாவில் சோறு, கறிக்குழம்பு, ரசம். பணக்காரர் ஏழை என்று பந்தியில் வித்தியாசம் கிடையாது. கேள்வி கேட்பதிலும் கிடையாது.

"என்ன பாப்பா, எப்ப டாக்டராவ?"

"சீனாவுல படிச்சா இங்கன வந்து இன்னொரு பரீட்ச எழுதணுமாமே? நெறய பேரு தேற மாட்டாங்களாமே?"

"அதெல்லாம் எழுதிருவா. ஒரே புள்ள. அவ அப்பன் இருக்க வயலயும் வித்துல்லா அனுப்பிருக்கான்."

எல்லாம் பாசமாகக் கேட்டதுதான். இலையில் கறி விழுந்தது. எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. ஓடி வந்தவளுக்கு அடிக்கிற மாதிரி இல்லை, யாரோ உள்ளேயிருந்து கதவை இடிக்கிற மாதிரி. விரல் நுனியெல்லாம் மரத்துப் போனது. தொண்டையில் காற்று நிற்கிறது, இறங்கவில்லை. அடுத்த நிமிஷம் சாகப் போகிறேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், அப்படியே முன்னால் சரிந்தேன். டாக்டராகப் போகிறவள் கறிக்குழம்பில் முகம் குப்புற விழுந்தாள் என்று அந்தப் பந்தியில் இருந்த சின்னப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லும்.

"இருதயம்! இருதயம்!" என்று யாரோ கத்தினார்கள். ஐயர் பந்தியை நிறுத்தி ஜெபம் பண்ணினார். எங்கள் சபைக்குக் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துகிற ஐடா டீச்சர் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பட்டுச் சேலையில் குழம்பு வழிய வழிய, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் இருதயத்தைத் தொடும்" என்று உரக்க அழுதார்கள். ஆக, நோய்க்குப் பெயர் அந்த இடத்திலேயே வைத்தாயிற்று. டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே.

வண்ணார்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இருதயத்தில் ஓடுகிற மின்சாரத்தைத் தாளில் கோடாக வரைவது அது. என் கோடு ஒழுங்காக இருந்தது, வேகம்தான் தாறுமாறு. பிறகு ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தார்கள். இருதயச் சதை அடிபட்டால் அதிலிருந்து ரத்தத்தில் கசிகிற பொருள் அது. கசியவில்லை. மறுநாள் எக்கோ. வயிற்றுப் பிள்ளையை ஸ்கேன் பண்ணிப் பார்ப்பது போல இருதயத்தைப் பார்ப்பார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை உருட்டும்போது திரையில் என் இருதயம் திறந்து திறந்து மூடியது. நன்றாகத்தான் மூடியது. அப்புறம் ஒரு சின்னப் பெட்டியை உடம்பில் கட்டி ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்தார்கள், அதற்கு ஹோல்டர் என்று பெயர். தைராய்டு கூடினாலும் இப்படிப் படபடக்கும் என்பதால் அதையும் பார்த்தார்கள்.

இதெல்லாம் நான் பரீட்சையில் எழுதிப் பாஸானவை. படுக்கையில் படுத்துக்கொண்டு பார்க்கும்போது ஒன்றும் உதவவில்லை. சோதனை ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது என்று வர வர எனக்குப் பயம் கூடியது. இவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று நினைத்தேன். ராத்திரிகளில் கண்ணை மூடினால் துடிப்பை எண்ணத் தோன்றும், எண்ணினால் கூடும்.

பக்கத்துக் கட்டிலில் பிலோமினா அக்கா இருந்தார்கள். புன்னக்காயல்காரர். கணவருக்கு மீன்பிடிக்கச் சொந்த வள்ளம். அவர்களுக்கு வந்தது நிஜமான மாரடைப்பு, அடைத்த ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற சுருள் வைத்திருந்தார்கள். என் முடிவுகள் வரும்போதெல்லாம் அவர்கள்தான் முதலில் விசாரிப்பார்கள்.

"என்ன சொல்லுதாங்க?"

"நல்லாருக்குன்னு சொல்லுதாங்க, அக்கா."

"அப்ப ஏன் எழவு விழுந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்க? எனக்கு ஒண்ணு நல்லாருக்குன்னு சொல்லிருந்தா நான் இந்நேரம் மாதா கோயிலுக்கு மெழுகுதிரி ஏத்தப் போயிருப்பேன்."

அப்பா காலையிலும் மாலையிலும் வருவார். என்ன பேசுவது என்று தெரியாது. தண்ணீர்ப் பாட்டில் மூடியை இறுக்குவார், திறப்பார், மறுபடி இறுக்குவார். கட்டிலுக்குக் கீழே என் செருப்பை ஜோடியாக நேராக வைப்பார். மைதானத்தில் பிள்ளைகளை அணிவகுத்து நிற்க வைத்த பழக்கம். பில் கட்டுகிற இடத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார், கேட்டால் "அத நான் பாத்துக்கிடுதேன்" என்று மட்டும் சொல்வார். பின்னால் தெரிந்தது, இருதயத்தைத் தேடின செலவுதான் பெரிசு. வியாதியைக் கண்டுபிடித்த செலவு அதில் ஒரு மூலைக்குக் காணாது.

என் கைப்பேசியில் தினமும் லின் நூலகத்திலிருந்து அனுப்புகிற படம் வரும். லின் என் சிநேகிதி, சீனப் பெண், அதே பல்கலைக்கழகத்தில் சீன மொழி வகுப்பில் மருத்துவம் படிக்கிறவள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பும் விடுதியும் தனி. வார்டில் நோயாளியிடம் பேச எனக்குச் சீனம் வேண்டும், அவளுக்கு ஆங்கிலம் வேண்டும். பண்டமாற்றாகத் தொடங்கிய சிநேகம். அவள் முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே அது மார்கழிக் குளிரில் வரும். அதற்குக் கோடை விடுமுறையிலேயே ஊருக்குப் போகாமல் பிள்ளைகள் நூலகத்தில் கிடப்பார்கள். கதவு திறக்குமுன் வரிசை நிற்கும். இடம் பிடிக்க மேஜைமேல் தண்ணீர்க் குடுவையை வைப்பார்கள். படிக்கட்டுகளில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சத்தம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். லினுடைய அம்மாவும் அப்பாவும் ஒரு சின்ன ஊரில் நூடுல்ஸ் கடை வைத்திருந்தார்கள். அவளும் ஒரே பிள்ளை.

அங்கே ஒவ்வொரு வருஷமும் மாணவர்கள் மனநிலை எப்படி என்று கேள்விகள் கொடுத்துப் பதில் வாங்குவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் போடுவார்கள், நன்றாகத் தூங்குகிறேன், சந்தோஷமாக இருக்கிறேன் என்று. "வேறு மாதிரிப் போட்டால் பொறுப்பாசிரியர் கூப்பிடுவார், வீட்டுக்கு ஃபோன் போகும், ஒரு வருஷம் வீட்டில் இரு என்று சொல்லிவிடுவார்கள்" என்பாள் லின். அப்படி யாருக்காவது நடந்ததா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எல்லாரும் பயந்தார்கள், அவளும் பயந்தாள். போன குளிர்காலத்தில் எனக்கு வார்டில் ஒருமுறை இதே படபடப்பு வந்தபோது அவள்தான் என்னை உட்கார வைத்து வெந்நீர் கொடுத்தாள். அவர்கள் ஊரில் எந்த நோய்க்கும் முதல் மருந்து வெந்நீர். எங்கள் வீட்டிலும் அம்மா "வெந்நி குடி, சரியாயிரும்" என்பாள். குடித்தேன். "மெய் ஷி" என்றேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். எந்தப் பிள்ளையிடம் நலம் கேட்டாலும் அங்கே இதுதான் பதில், எனக்குச் சீனத்தில் முதலில் சரளமாக வந்த சொல்லும் இதுதான்.

இருதய மருத்துவர் எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, எல்லா முடிவுகளையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இருதயம் நல்லாருக்கு. இது பேனிக் அட்டாக். கீழ மனநல டாக்டரப் பாத்துட்டு வீட்டுக்குப் போங்க" என்றார்.

அவர் வார்டைப் பார்க்க எழுந்து போனதும் அம்மா அறைக் கதவைச் சாத்தினாள்.

"வேற ஆஸ்பத்திரி போவோம்."

"அம்மா, அவரு சொன்னது சரிதான். இத நான் படிச்சிருக்கேன்."

"படிச்சியில்லா, பொறவு ஒனக்கு ஏன் தெரியல?"

நியாயமான கேள்வி. மனநலப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண் வேறு.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டி, நான் சொல்லுதத கேளு. இருதயத்துல ஓட்டன்னு சொன்னாக்கூட நாலு பேரு பாவம்பாங்க. இதச் சொன்னா கோட்டிம்பாங்க. கோட்டிக்கார டாக்டர்ட்ட எவன் வைத்தியம் பாக்க வருவான்? ஒன்ன எவன் கட்டுவான்? நீ திரும்பச் சீனாவுக்குப் போகாண்டாம். இங்கனயே இரி. எது போனாலும் போட்டும்."

கோட்டி என்றால் எங்கள் பக்கம் பைத்தியம். அம்மா என்னைத் திட்டவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். கடைசி வருஷம் வார்டில் நிற்காவிட்டால் முன்னால் படித்த வருஷமெல்லாம் செல்லாது. வயலை விற்ற அப்பா, சம்பளத்தை அப்படியே அனுப்பிய அம்மா, எல்லாம் தண்ணீரில் போட்ட கல். எனக்கும் உள்ளூரப் பயம்தான். அசனப் பந்தியிலேயே விழுகிறவள் ஆபரேஷன் அறையில் என்ன செய்வாள்?

அப்பா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "காலு சுளுக்குனா கால் டாக்டர்ட்ட போறோம். கீழதான இருக்காரு. ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்."

அந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவும் பல் பிரிவும் எதிரெதிரே. நடுவில் ஒரு நடை. மனநலம் என்ற பலகைக்குக் கீழே நாற்காலிகள் சுத்தமாகக் காலியாகக் கிடந்தன. பல் என்ற பலகைக்குக் கீழே உட்கார இடமில்லை. அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பல் பக்கம் போய் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சுற்றிப் பார்த்தேன். பாதிப்பேர் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள்.

எங்களுக்கு அடுத்த நாற்காலியில் கைக்குட்டையால் தாடையைப் பொத்திக்கொண்டு ஐடா டீச்சர்.

"என்ன டீச்சர், பல்லா?" என்றாள் அம்மா.

"ஆமா டீச்சர். கடவாப் பல்லு. ராத்திரி முழுக்க ஒறக்கமில்ல. ஒங்களுக்கு?"

"பாப்பாவுக்கு."

"இருதயத்துக்குல்லா பாத்துட்டு இருந்திய?"

"அதோட இதுவும் வந்துட்டு."

எதிர்க் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஐடா கிரேஸ்!" என்றார். டீச்சர் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். "எம் பேருல எத்தன பேரு இருக்காங்க பாருங்க" என்று டீச்சர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நர்ஸுக்கு இது தினப்படி வேலை போல. அலுத்துக்கொள்ளாமல் நடையைத் தாண்டி வந்து, டீச்சரின் தோளைப் பையத் தொட்டு, "வாங்கம்மா, அந்த வழியா பல்லுக்குப் போலாம்" என்று எதிர் அறைக்குள் கூட்டிப் போனார். அம்மா தரையைப் பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் பெயரும் அதே கதவிலிருந்து வந்தது.

ஐடா டீச்சர் இதை எழுத அனுமதி கொடுத்தார்கள். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள், மாற்றியிருக்கிறேன்.

டாக்டர் ஷாஹிதா மேலப்பாளையத்துக்காரர். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர் இருக்கும். முதல் கேள்வியே, "பல்லு எப்படி இருக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

எல்லாவற்றையும் கேட்டார். சீனா, குளிர், வார்டு, பரீட்சை, அசனம். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "கார்ல அலாரம் இருக்குல்லாம்மா, திருடன் வந்தா கத்தும். ஜெனிட்டாவுக்கு அது பூனை ஏறினாலும் கத்துது. அலாரம் கத்துச்சுன்னு கார வித்துருவியளா? பூனைக்கும் திருடனுக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுக்கணும். அதுக்குக் கொஞ்ச நாள் மாத்திரை, கொஞ்சம் பயிற்சி. அவ்வளவுதான்."

இந்த நோய்க்குப் பெயர் பதற்ற நோய். உடம்பு ஆபத்து என்று தப்பாக நினைத்துக்கொண்டு ஓடுவதற்குத் தயாராகிறது. இருதயம் வேகமெடுக்கிறது. மூச்சை வேகவேகமாக இழுத்துத் தள்ளுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. அதைப் பார்த்து நாம் இன்னும் பயப்படுகிறோம், அது இன்னும் கூடுகிறது. செத்துவிடுவோம் என்று தோன்றும், சாக மாட்டோம். மாத்திரை மறுநாளே வேலை செய்யாது, சில வாரம் பிடிக்கும். நாமாக நிறுத்தக்கூடாது. மூச்சை இழுப்பதைவிட விடுவது மெதுவாக இருக்க வேண்டும். பயந்து ஒதுங்கின இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போக வேண்டும். டாக்டர் இதைச் சொல்லிக்கொடுத்தபோது அம்மா பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"சீனாவுக்குப் போலாமா டாக்டர்?" என்றேன்.

"தாராளமா. ஆனா மொதல்ல ஜங்ஷனுக்குப் போயிட்டு வாங்க, தனியா, நெரிசல் பஸ்ஸுல."

வார்டைக் காலி பண்ணும்போது பிலோமினா அக்காவிடம் நோயின் பெயரைச் சொன்னேன். "இவ்வளவுதானா? எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போன நாளெல்லாம் எனக்கு அது இருக்கு. அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார்கள். பிறகு போகிற வழியில் மெழுகுதிரி ஏற்றச் சொன்னார்கள். நான் புராட்டஸ்டண்டு என்றேன். "ஏத்துனா எரியாதோ?" என்றார்கள்.

பாளை பஸ் நிலையத்திலிருந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரயில் ஜங்ஷனுக்குத் தனியாகப் போகிற பயிற்சி ஆரம்பமானது. முதல் நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். தாமிரபரணிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. மெதுவாக மூச்சை விட்டேன். ஆற்றில் ஒருவர் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார், அவற்றை எண்ணினேன். இடித்தது, உச்சிக்குப் போனது, தானாக இறங்கியது. நான் சாகவில்லை. பெருமையாகத் திரும்பிப் பார்த்தால் கடைசி இருக்கையில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு ஒருவர். கழுத்தில் விசில் தொங்கியது. தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதற்கப்புறமும் பல நாள் அப்பா தனி டிக்கெட் எடுத்து, எனக்கு அறிமுகமில்லாதவராகப் பயணம் செய்தார். ஒரு நாள் திரும்பிப் பார்த்தேன், அவர் இல்லை. அதையும் நான் கவனித்தேன், பயம் வரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எதோடும் சேர்க்க முடியாது.

என் நோயைப் பற்றி லினுக்கு ஏற்கெனவே குரல்செய்தி அனுப்பியிருந்தேன். இருதயம் இல்லை, பதற்ற நோய், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று. "மெய் ஷி" என்று ஒரு பதில் வந்தது. எனக்கு ஆறுதல் சொல்கிறாளா, வேறு எதையாவது மூடுகிறாளா, புரியவில்லை. அதன்பின் படம் எதுவும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் அம்மாவும் நானும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது லின் வீடியோவில் கூப்பிட்டாள். நூலகத்தின் படிக்கட்டு. சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது, மூச்சு இரைந்தது, கைப்பேசி நடுங்கியதில் படமும் நடுங்கியது. பேச்சு வரவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இது அசனத்துல நீ இருந்த மாதிரில்லா இருக்கு."

அடுத்து அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். "ஏ புள்ள, இங்கன பாரு. என் கையப் பாரு" என்றாள் தமிழில். கையை மேலே தூக்கினாள். "இழு. ஒண்ணு, ரெண்டு, மூணு." கையை மெல்ல இறக்கினாள். "பைய விடு. பைய. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு." வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அதே குரல். லினுக்குத் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. அம்மாவின் கை ஏறும்போது மூச்சை இழுத்தாள், இறங்கும்போது விட்டாள். கீரை இலை ஒட்டியிருந்த அந்தக் கை எத்தனையோ தடவை ஏறி இறங்கியது. கடைசியில் லினுக்கு அழுகை வந்தது, அழுதபின் பேச்சு வந்தது.

அவளுக்கு இது முதல் வருஷக் குளிர்காலத்திலிருந்தே இருக்கிறது. தன் உடம்புதான் சோடை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். என் செய்தியைக் கேட்டபிறகு அதற்குப் பெயர் தெரிந்துவிட்டது, பெயர் தெரிந்ததும் இன்னும் பயம். வீட்டுக்குத் தெரிந்தால் கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறி வந்துவிடுவார்கள்.

"என்ன சொல்லுதா?" என்றாள் அம்மா. ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன்.

"டாக்டர்ட்ட போனாளா?"

"போகல. யாராவது பாத்துட்டா என்ன செய்யுததுன்னு பயப்படுதா."

"அவ அம்மைக்குத் தெரிஞ்சா என்ன செய்வாளாம்?"

கேட்டேன். லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அதை அப்படியே சொன்னேன். "ஊருல யார்ட்டயும் மூச்சு விடாத, படிப்பு போனாலும் போட்டும், வீட்டுலயே இருன்னு சொல்லுவாங்களாம்."

அம்மா கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆய்ந்த கீரையை மறுபடி ஆய்ந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "டாக்டர்ட்ட போகச் சொல்லு. எம் மவளும் போனா, ஒண்ணும் ஆயிரலன்னு சொல்லு. மாத்திரை திங்கா, பஸ்ஸுல போறா, அடுத்த மாசம் சீனாவுக்கு வாரான்னு சொல்லு."

நான் திரும்பிப் போவது அப்படித்தான் முடிவானது. லினுக்குச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பாக்கி இருந்தது கோயில். நோய் தீர்ந்தால் எங்கள் சபையில் முன்னால் போய் நின்று சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை வைக்க வேண்டும். இத்தனை பேர் ஜெபித்திருக்கிறார்கள், சொல்லாமல் இருக்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அம்மா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். "இருதயம் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு. அது பொய்யா?" பொய் இல்லைதான். கணக்கு டீச்சரை மடக்க முடியுமா? லின் பேசிய நாளுக்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் என் பெயரைக் கூப்பிட்டார். மைக் முன்னால் நின்றேன். நெஞ்சு இடித்தது. பழகின ஆள்தானே, இடிக்கட்டும் என்று விட்டுவிட்டு மெதுவாக மூச்சை விட்டேன்.

"எல்லாரும் என் இருதயத்துக்காக ஜெபிச்சிய. இருதயத்துல ஒண்ணுமில்ல. எனக்கு வந்தது பதற்ற நோய். மனநல டாக்டர்ட்ட வைத்தியம் பாக்கேன். மாத்திரை சாப்பிடுதேன். நல்லாருக்கேன். அடுத்த மாசம் படிப்ப முடிக்கப் போறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஒங்களுக்கும்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஐயர் அடுத்த பாட்டின் எண்ணைத் தேடினார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். அவள் கோயிலில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"ஐயர், ஒரு ஜெபக்குறிப்பு. சீனாவுல லின்னு ஒரு புள்ள. எம் மவளுக்கு வந்த அதே நோவு அவளுக்கும் இருக்கு. டாக்டர்ட்ட போகப் பயப்படுதா. அவளுக்குத் தைரியம் கெடைக்க ஜெபம் பண்ணணும். அவ அம்மைக்கும் சேத்து."

ஐயர் தலையசைத்தார். அவர் கண்ணை மூடுமுன் முன்வரிசையில் ஐடா டீச்சர் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார்கள். "ஐயர், அதுல என் பேரையும் சேத்துக்கிடுங்க" என்றார்கள். பின்னால் எங்கேயோ ஆண்கள் பக்கமும் ஒரு கை உயர்ந்தது, யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று லினிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் பல்கலைக்கழக மருத்துவமனையின் நீண்ட நடை. ஒரு பக்கம் கண் பிரிவு, அங்கே ஒரே கூட்டம். எதிர்ப் பக்கத்து நாற்காலிகள் எல்லாம் காலி, ஒன்றைத் தவிர. அதில் வெந்நீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு லின் தன்னைத்தானே படம் எடுத்திருந்தாள். தலைக்கு மேலே பலகை முழுசாகத் தெரியும்படி.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "பலகையில என்ன எழுதிருக்கு?"

"மனநலப் பிரிவுன்னு."

"அதுக்கு நேரே கீழயா உக்காந்திருக்கா?"

"ஆமா."

அம்மா படத்தைப் பெரிதாக்கி லினுடைய முகத்தைப் பார்த்தாள், சுற்றியிருந்த காலி நாற்காலிகளைப் பார்த்தாள். "நம்ம அன்னைக்குப் பல்லுக்குக் கீழல்லா போய் உக்காந்தோம்" என்றாள். பிறகு கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, "நீ போனதும் அவகூடப் போய்ப் பக்கத்து நாக்காலியில உக்காரு. அந்தப் புள்ள தனியா இருக்கா" என்றாள்.